புலனாய்வாளர் ரகோத்தமன்: எழுத்தின் பொறுப்பு
(ஒரத்தநாட்டில் நடைபெற்ற வெள்ளிவிழாவில் ஆற்றிய நினைவுரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் ஒரு புலவரைப் பற்றியோ, சமுதாயத் தலைவரைப் பற்றியோ பேசுதல் மரபு. ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் கூறியபோது நண்பர்கள் சிலர் வியந்தனர். அவர்தம் வியப்பு நியாயமானதே. நம் தெருக்களில் காவலர் என்னும் சொல் நெடுங்காலமாக ஆறுதலைக் காட்டிலும் அச்சத்தையே தந்து வந்திருக்கிறது. ஆயினும் நமக்கு நீதி கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் பெரும்பாலும் ஒரு புலனாய்வு அதிகாரியின் பேனா முனையில்தான் முடிவாகின்றன. அந்தப் பேனாவைப் பிடித்து வாழ்ந்த ஒருவரின் வாழ்வை நினைவுகூர்வதே இவ்வுரையின் நோக்கம்.

அவர் பெயர் கே. ரகோத்தமன். அவர் எவ்வூரார், எக்குலத்தார் என்பது இவ்வுரைக்குத் தேவையன்று. அவர் செய்த தொழிலே தேவை. 1968-ஆம் ஆண்டு மத்தியப் புலனாய்வுத் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். 1988-இல் காவல் பதக்கமும், 1994-இல் குடியரசுத் தலைவரின் காவல் பதக்கமும் பெற்றவர். 1991-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் இரவு திருப்பெரும்புதூரில் முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட வழக்கில் தலைமைப் புலனாய்வு அதிகாரியாகப் பணியாற்றியவர். ஓய்வுக்குப் பின் 'ராஜீவ் கொலை வழக்கு' என்னும் நூலை 2009-இல் தமிழில் எழுதி வெளியிட்டார். கொரோனாப் பெருந்தொற்று நாட்டை வாட்டிய 2021-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் அந்நோய்க்கே இரையாகிச் சென்னையில் மறைந்தார். அவர் புலனாய்ந்த அக்கொடுநிகழ்வின் முப்பதாம் ஆண்டு நினைவு நாளுக்கு அப்போது ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தன.

அவ்வழக்கு எவ்வாறு துலங்கிற்று என்பதை மாணவர்கள் அறிதல் நலம். குண்டு வெடித்த இடத்தில் இறந்து கிடந்தவர்களுள் அரிபாபு என்னும் புகைப்படக்காரரும் ஒருவர். அவருடைய உடல் சிதைந்தது. ஆனால் அவருடைய புகைப்படக் கருவி சிதையவில்லை. அதனுள் இருந்த சுருளில் பத்துப் படங்கள் பதிவாகியிருந்தன. கையில் சந்தனமாலையுடன் காத்து நின்ற பெண்ணின் உருவம் அவற்றில் கிடைத்தது. வெடிகுண்டு மேடையிலோ பூக்கூடையிலோ இல்லை, ஒரு பெண்ணின் இடையில் கட்டப்பட்டிருந்தது என்பதைத் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த முனைவர் பி. சந்திரசேகரன் சிதறல்களை ஆராய்ந்து நிறுவினார். டி. ஆர். கார்த்திகேயன் தலைமையில் அமைந்த சிறப்புப் புலனாய்வுக் குழு, சென்னையில் 'மல்லிகை' என்னும் இல்லத்தில் இயங்கி, ஓராண்டு நிறைவதற்கு ஒருநாள் முன்னதாக, 1992 மே 20-இல் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்தது. 41 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவர்களுள் 12 பேர் அதற்குள் இறந்துபட்டனர், மூவர் தலைமறைவாயினர், எஞ்சிய 26 பேர் மீது விசாரணை நடந்தது.

துப்பறிவாளர் என்றவுடன் நம் இளைஞர் மனத்தில் தோன்றுவது நாவல்களில் வரும் வீரரே. அவருக்குப் பெரும்பாலும் மனைவி மக்கள் இரார், பசி இராது, உறக்கமும் வேண்டுவதில்லை. மெய்யான புலனாய்வாளரோ இல்லறத்தார். பெருவழக்கு ஒன்று கையில் இருக்கையில் அவர் வீடு திரும்பும் வேளையை வீட்டார் அறியார். பள்ளி விழாவுக்கும் உறவினர் திருமணத்திற்கும் துணைவியார் தனியே சென்று வருவார். எங்கே சென்றீர், யாரைக் கண்டீர் என்று கேட்டால் மறுமொழி சொல்லும் உரிமைகூட அவருக்கு இல்லை. அரசு ஒருவருக்கே ஊதியம் தருகிறது. பணியின் சுமையையோ ஒரு குடும்பம் முழுவதும் சுமக்கிறது. ரகோத்தமன் முப்பதாண்டுகளுக்கு மேல் அத்தகைய பணியில் இருந்தவர். அவரை நினைக்கும்போது அத்தொழிலில் வாழ்ந்த எல்லாக் குடும்பங்களையும் நன்றியுடன் நினைத்தல் தகும்.

இனி, இவ்வழக்கிலிருந்து நாம் கற்க வேண்டிய கடினமான பாடத்திற்கு வருகிறேன். 1998 ஜனவரி 28-இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அதே சாட்சியங்களையும் அதே தாள்களையும் ஆராய்ந்த உச்சநீதிமன்றம், 1999 மே 11-இல் நால்வருக்கு மட்டுமே தூக்கை உறுதிசெய்தது; மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது; பத்தொன்பது பேரை விடுவித்தது. ஒரே கட்டுத் தாள்கள். ஆனால் பத்தொன்பது உயிர்கள் கயிற்றுக்கும் வீட்டுக்கும் இடையே நின்றன.

தூக்குத் தண்டனை பெற்ற நால்வருள் ஒருவர் பேரறிவாளன். அவருடைய ஒப்புதல் வாக்குமூலத்தைத் தடாச் சட்டத்தின்படி பதிவுசெய்தவர் அந்நாளில் கண்காணிப்பாளராக இருந்த வி. தியாகராஜன். ஓய்வுபெற்றுப் பல்லாண்டுகள் கழிந்தபின், 2013-இல், அவர் வெளிப்படையாக ஒன்றைக் கூறினார். தாம் வாங்கித் தந்த மின்கலங்கள் எதற்குப் பயன்படும் என்பதைத் தாம் அறியவில்லை எனப் பேரறிவாளன் கூறியதாகவும், அதனைத் தாம் வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை என்றும் அவர் தெரிவித்தார். பின்னர் உச்சநீதிமன்றத்திலும் அதனை எழுத்து வடிவில் அளித்தார். பேரறிவாளன் 31 ஆண்டுகள் கழித்து, 2022 மே 18-இல் விடுதலையானார். அவ்விடுதலைக்குக் காரணம் ஆளுநர் முடிவெடுக்காமல் காலந்தாழ்த்தியதேயன்றி, அந்த விடுபட்ட வரி அன்று. ஆயினும் அவ்வரி உரிய இடத்தில் எழுதப்பட்டிருந்தால் நீதிபதிகளின் முன் வேறொரு தாள் இருந்திருக்கும் என்பதை மறுப்பவர் யார்?

ரகோத்தமனும் ஓய்வுக்குப் பின் வாய்மூடி இருந்தவரல்லர். அந்நிகழ்வின் காணொளிப் பதிவு ஒன்று புலனாய்வாளர்களுக்குக் கிட்டாமல் மறைக்கப்பட்டது என்று தம் நூலில் குற்றஞ்சாட்டினார். அக்குற்றச்சாட்டை அனைவரும் ஏற்றுக்கொண்டாரல்லர். நான் இங்கே சுட்ட விரும்புவது அதன் முடிவையன்று. தாம் பணியாற்றிய அரசையே எழுத்தில் வினவும் துணிவு, புலனாய்வைத் தொழிலாக மட்டுமன்றிக் கடமையாகவும் கொண்டவர்க்கே வரும்.

அன்பர்களே! இப்பெருவழக்கிற்கும் ஒரத்தநாட்டு வயல்வெளியில் உழைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ரகோத்தமன் பணியிற் சேர்ந்த அதே 1968-ஆம் ஆண்டின் டிசம்பர் 25-ஆம் நாள், அந்நாளைய நம் தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1970-களில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. செல்வந்தர்கள் தாமே நேரில் சென்று தீயிட்டிருப்பார்கள் என்று நம்ப இயலவில்லை என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒரு தலைவர் கொலையுண்டபோது புகைப்படச் சுருளும், வெடிமருந்துத் துகளும், நூற்றுக்கணக்கான சாட்சிகளும் சல்லடையிட்டுத் தேடப்பட்டன. அந்தத் தேட்டம் தவறன்று, அது வேண்டியதே. அதே தேட்டம் 44 கூலிக்காரர்களின் சாம்பலுக்கும் உரியதன்றோ என்பதே நம் வினா.

அவ்வினாவுக்குச் சட்டம் பின்னர் ஓரளவு விடை தந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி, இவ்வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்தல் வேண்டும். ரகோத்தமன் இராஜீவ் வழக்கைப் புலனாய்ந்தபோது வகித்த பதவியும் அதுவே என்பதை எண்ணிப் பாருங்கள். தலைவரின் கொலைக்கு அமர்த்தப்பட்ட நிலையிலுள்ள அதிகாரியைச் சேரி மக்களின் வழக்கிற்கும் சட்டம் அமர்த்தியிருக்கிறது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒன்றைச் சேர்த்தது. வாய்மொழியாகக் கூறப்பட்ட முறையீட்டை எழுதிய அதிகாரி, கையொப்பம் பெறுமுன் அதனைப் படித்துக் காட்டுதல் வேண்டும். வேண்டுமென்றே அதனைப் புறக்கணிக்கும் அதிகாரிக்குத் தண்டனை உண்டு. முதல் தகவல் அறிக்கையின் படியை முறையிட்டவர் இலவசமாகப் பெறலாம்.

இந்த விதி எதற்காக வந்தது? நம் முன்னோர் படிக்க இயலாத தாளில் கைநாட்டு வைத்தனர். பண்ணைக் கணக்கிலும் கைநாட்டு, கடன் சீட்டிலும் கைநாட்டு, காவல் நிலையத்திலும் கைநாட்டு. 1934-இல் கல்லணைக் கால்வாய் திறக்கப்பட்டு, நாம் புது ஆறு என்றழைக்கும் அந்நீர் இவ்வட்டாரத்து மேட்டு நிலங்களை நெல்வயலாக்கியது. அவ்வயலில் நட்டு, களை பறித்து, அறுத்துக் கட்டிய கைகளுக்குப் பேனா வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அப்பேனாவைக் கொடுக்கவே இக்கழகம் 25 ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது.

நல்ல புலனாய்வு என்ன செய்ய வல்லது என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று கூறுவேன். 2015 ஜூனில் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தற்கொலையெனத் தோன்றுமாறு தண்டவாளத்தில் பிணமாக இடப்பட்டார். முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். ஆயினும் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை 2023-இல் உயர்நீதிமன்றமும் உறுதிசெய்தது. அவ்வழக்கின் தொடக்கத்தில் புலனாய்வு அதிகாரியாக இருந்தவர் துணைக் கண்காணிப்பாளர் விஷ்ணுபிரியா. நம் சமுதாயத்திலிருந்து படித்து உயர்ந்த இளம்பெண். 2015 செப்டம்பரில் அவர் உயிர் துறந்தார். ரகோத்தமனைப் போல் ஓய்வுபெற்று, வீட்டாரோடு அமர்ந்து, தம் வழக்குகளை நூலாக எழுதும் முதுமை அவருக்கு வாய்க்கவில்லை. அவ்விழப்பை நாம் மறத்தலாகாது.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ உதவி ஆய்வாளர் தேர்வு எழுத வேண்டும் என்றால், சீருடை நமக்கெதற்கு என்று தடுக்காதீர்கள். தடய அறிவியல் படிக்க வேண்டும் என்றால், அது என்ன படிப்பு என்று இகழாதீர்கள். இரசாயனமும் இயற்பியலும் நன்கு கற்ற ஒரு பெண், ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தவாறே ஒரு சேரிக்கு நீதி பெற்றுத்தர இயலும். மாணவர்களே! நீங்கள் அப்பணிக்குச் சென்றால் மூன்றை மறவாதீர்கள். கண்டதை எழுதுங்கள். கேட்டதை முழுவதும் எழுதுங்கள். வழக்கிற்கு உதவாத வரியாயினும் விடாதீர்கள். எழுதியதை எழுத்தறியாதவர்க்குப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் கேளுங்கள்.

அப்பணிக்குச் செல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். அண்டை வீட்டார் முறையீடு கொடுக்கக் காவல் நிலையம் செல்லும்போது உடன் செல்லுங்கள். எழுதப்பட்டதைப் படியுங்கள். விடுபட்ட வரி இருப்பின் அதனைச் சேர்க்கச் சொல்லுங்கள். படி ஒன்றைப் பெற்று வாருங்கள். ஒரு வரி விடுபடுவதால் விளையும் கேட்டினை இந்நாடு கண்டிருக்கிறது.

மறைந்த புலனாய்வாளர் ரகோத்தமன் அவர்களுக்கும், அவருடைய பணியின் சுமையைத் தாங்கிய குடும்பத்தார்க்கும் நம் வணக்கத்தைச் செலுத்துவோம்.