திறக்கும் கணத்திற்கான கணக்கு



நம் இல்லங்களில் உள்ள குக்கரில் ஆவி வெளியேறும் வழி அடைபட்டால், பாதுகாப்பு வால்வு வழிவிட்டு வீட்டாரைக் காக்கிறது. விமான இயந்திரத்தைச் சூழ்ந்துள்ள உறையிலும் இத்தகைய காவல் உண்டு. அதனை அழுத்தத் தணிப்புக் கதவு என்று சொல்லலாம். ஒரு விமானத்தின் வாழ்நாளில் அது திறக்கும் தேவையே எழாமல் போகலாம். ஆயினும், தேவை எழும் கணத்தில் அது தவறாது திறந்தாக வேண்டும்.

இயந்திரத்தின் அமுக்கியிலிருந்து எடுக்கப்படும் சூடான காற்று, பயணியர் அறைக்கும் இறக்கையின் பனியை நீக்குவதற்கும் குழாய்களின் வழியே செல்கிறது. அதன் வெப்பம் 200 பாகை செல்சியசையும் கடக்கக்கூடும். அக்குழாய் வெடித்தால் உறைக்குள் அழுத்தம் நொடிப்பொழுதில் உயரும். வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூடினாலும், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 20,000 நியூட்டன் விசை விழும். இது இரண்டு டன் எடைக்கு ஒப்பாகும். வழி கிடைக்காவிடில் உறையே பிய்ந்து பறக்க நேரிடும்.

குக்கர் அசையாத காற்றில் ஆவியை விடுகிறது. இக்கதவோ, மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும் காற்றில் திறக்கிறது. முன்விளிம்பில் கீல் உள்ள கதவை எண்ணிப் பாருங்கள். உள்ளழுத்தம் அதனைத் திறக்கிறது. எதிர்க்காற்று மூட முயல்கிறது. இரண்டும் சமப்படும் கோணத்தில் அது நிற்கும். அக்கோணமே வெளியேறும் காற்றின் அளவை முடிவு செய்கிறது. அவ்வளவு மீண்டும் உள்ளழுத்தத்தை மாற்றுகிறது. ஆகவே, காற்றோட்டத்தையும் கதவின் அசைவையும் ஒருங்கே கணக்கிட வேண்டும்.

இதற்காகவே கணினி உருவகப்படுத்தல் கைக்கொள்ளப்படுகிறது. கதவைச் சூழ்ந்த வெளியை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழியாமை விதிகளைக் கணினி தீர்க்கிறது. ஆனால், காற்றின் கொந்தளிப்பை முழுமையாகக் கணக்கிட இயலாமையால், தோராய மாதிரிகளை நாட வேண்டியுள்ளது. இடர் இங்கேதான் புகுகிறது. வெளியேறும் சூடான காற்று, உறையின் பின்பகுதியைத் தழுவிச் செல்லும். அப்பகுதி பிசினால் பிணைக்கப்பட்ட கார்பன் இழைக் கூட்டுப்பொருளாயின், மிகு வெப்பத்தில் வலுவிழக்கும். குளிர்காற்றுடன் கலக்கும் வேகத்தை மாதிரி பிழையாகக் கணித்தால், வெப்பக் கணிப்பும் பிழையாகும். எனவேதான், கணினியின் விடைகளைக் காற்றுச் சுரங்கச் சோதனைகளோடு ஒப்பிடுகின்றனர்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! கணினித் திரையில் விரியும் வண்ணப்படம் விடையன்று. அது சோதிக்கப்பட வேண்டிய ஒரு கூற்று. "இவ்வெண்ணை எதனோடு ஒப்பிட்டாய்?" என்று வகுப்பில் வினவுங்கள். அவ்வினாவிற்கு விடைகூறப் பழகிய மாணவரை நம்பியே, நாளை அக்கதவை வடிவமைக்கும் பொறுப்பை ஒப்படைக்கலாம்.