கண்ணொளிக்கு உதவிய புதிய ஆய்வுகள்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



உயர்தரத்தில் நாங்கள் உயிரியல், கணிதம் என்று இரண்டாகப் பிரிந்தோம். பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் மட்டும் ஒரே வாங்கில் இருந்தோம். அந்தப் பிரிவினை ஆய்வுலகில் இப்போது அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை. கண் ஒன்றையே எடுத்துப் பார்ப்போம்.

1820 இல் டொக்டர் ஜோன் ஸ்கடர் கடல் கடந்து வந்து இதே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். நாங்கள் சொல்லப்போவதும் கடலுக்கு அப்பால் நடந்ததுதான். ஆனால் கிட்டத்தில், மதுரையில்.

முன்பு கண்புரையை அகற்றினால் போத்தல் அடி போன்ற தடித்த கண்ணாடி போடவேண்டும். 1995 இடப்பெயர்வில் எங்களில் ஒருத்தியின் அம்மம்மா அதைத் தவறவிட்டு, சாவகச்சேரி வரை பேத்தியின் கையைப் பிடித்தே நடந்தார். அதற்கு மாற்று ஏற்கெனவே இருந்தது. இலண்டனில் ஹரல்ட் ரிட்லி என்ற வைத்தியர், போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கூரைப் பிளாஸ்ரிக் துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடப்பதைக் கவனித்தார். 1949 இல் அதே வகைப் பிளாஸ்ரிக்கில் வில்லை செய்து கண்ணுக்குள் வைத்தார். போர்ச் சிதறல் என்றால் எங்களுக்கு வேறு நினைவுதான் வரும்! ஆனால் வில்லையின் விலை நூறு டொலர் அளவில் இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த அரோலாப் 1992 இல் தானே செய்யத் தொடங்கி, அதைப் பத்து டொலர் அளவுக்கு இறக்கியது.

அடுத்த சிக்கல் தூரம். தேனிப் பக்கக் கிராமத்தவர், தங்கள் ஊர்க் கண் நிலையத்திலிருந்தே பட்டணத்து வைத்தியருடன் முகம்பார்த்துப் பேசவேண்டும். சாதாரண வைஃபை நூறு மீற்றர் அளவுக்கே வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு தகவலையும் அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் பிந்தும். போய்ச் சேரவில்லை என்று எண்ணித் திரும்பத் திரும்ப அனுப்பிக் குழம்பும். கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் இரு பக்கமும் முறைவைத்துப் பேசும்படி அந்த ஒழுங்கை மாற்றினார்கள். ஒரே திசை நோக்கும் அன்ரனாவும் சேர, பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலும் படம் தெளிவாகப் போனது. இது 2005 ஐ ஒட்டிய கதை.

பின்னர் கணினியே படத்தைப் பார்க்கத் தொடங்கியது. சலரோகத்தால் விழித்திரையில் வரும் பாதிப்பை இனங்காண, 128,175 படங்களைக் காட்டிக் கூகிள் ஆய்வாளர்கள் அதைப் பழக்கி 2016 இல் வெளியிட்டார்கள். அரவிந்திலும் சென்னைச் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளரிடம் சோதித்த முடிவு 2019 இல் வந்தது. படம் பார்த்துத் தரம் பிரிப்பவர்களுக்கு அது குறைந்ததாக இல்லை.

ஆனால் படம் எடுக்க ஆள் வந்தால்தானே? இந்த நோய் தொடக்கத்தில் நோவதில்லை, பார்வையும் குறைவதில்லை. எங்களுக்கு ஒளிப் பாடம் படிப்பித்த ரீச்சருக்குப் பல வருடமாகச் சலரோகம். ஊருக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்த்தோம். எங்களில் வைத்தியர்களும் இருந்தோம். "சீனி எவ்வளவு ரீச்சர்?" என்று கேட்டோம், கொப்பியை வாங்கி இலக்கங்களையும் பார்த்தோம். கண்ணைக் கடைசியாக எப்போது காட்டினீர்கள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒருநாள் வலக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தது. அதில் பார்வை திரும்பவில்லை. இடக் கண்ணை லேசர் காப்பாற்றித் தந்தது.

அன்று எங்களுக்கு முகம் பார்க்கவே கூசியது. ரீச்சரோ திரையில் இருந்த தன் விழித்திரைப் படத்துக்குக் கிட்டப் போய், "இதிலை எது பிள்ளை நாடி, எது நாளம்?" என்று கேட்டார். காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.