மேற்கையில் ஒரு மெல்லிய கோல்



பிள்ளைப்பேற்றைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்க விரும்பும் மகளிருக்கென மேற்கையின் தோலடியில் வைக்கப்பெறும் மருந்துக் கோலைப் பற்றி இன்று பேச விழைகிறோம். மைய அரசின் குடும்ப நலத் திட்டம் 2023-ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் இதனை வழங்கத் தொடங்கியது. அதன்பின் நம் பெண்கள் வினவும் வினாக்கள் பெரும்பாலும் மருந்தைப் பற்றியன அல்ல, இடத்தைப் பற்றியனவே. "கையில் வைத்தது நெஞ்சுக்கு ஓடிவிடாதா? நரம்பில் குத்தாதா? எடுக்கும்போது கிடைக்குமா?" என்கின்றனர். இவற்றை அறியாமை என்று தள்ளுதல் தகாது. மருத்துவ உலகமே இவற்றை ஆராய்ந்து, வைக்கும் இடத்தை மாற்றியமைத்தது.

முதலில் கோலின் இயல்பைக் காண்போம். இது 4 செண்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள, வளையக்கூடிய சிறு கோல். 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்னும் இயக்குநீர் இதனுள் அடங்கியுள்ளது. அது நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்து கருமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கின்றது. நம் நாட்டுத் திட்டத்தில் இதன் காலம் மூன்றாண்டு. எடுத்துவிட்டால் கருவுறும் ஆற்றல் விரைவில் மீளும். மாதவிடாய் ஒழுங்கு தவறுதலே பலரும் காணும் தொல்லை.

இனி இடத்தைக் காண்போம். மேற்கையின் முன்புறம் இருதலைத் தசை. பின்புறம் முத்தலைத் தசை. இவ்விரண்டுக்கும் இடையே உட்புறத்தில் ஒரு பள்ளம் ஓடுகிறது. பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அப்பள்ளத்தின் வழியே செல்கின்றன. முன்னாளில் கோலை இப்பள்ளத்தை ஒட்டியே வைத்து வந்தனர். மிக அரிதாகச் சிலருக்கு நரம்பு புண்பட்டது. வேறு சிலருக்குக் கோல் இரத்தக் குழாய்க்குள் புகுந்து நுரையீரல் வரை சென்றதும் உண்டு. ஆழமாகச் செலுத்தியதே இதற்குப் பெரிதும் காரணம் என்பர். ஆகவே இடம் மாற்றப்பட்டது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இம்மாற்றத்தை மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. முழங்கையின் உட்புற எலும்பு முடிச்சிலிருந்து 8 முதல் 10 செண்டிமீட்டர் மேலே, பள்ளத்திலிருந்து 3 முதல் 5 செண்டிமீட்டர் பின்னே, முத்தலைத் தசைக்கு மேலாக வைப்பதே இன்றைய முறை. வேலைக்கு மிகுதியாகப் பயன்படாத கையையே தேர்ந்தெடுப்பர். தசைக்குள் அன்று, தோலின் அடியில் மட்டுமே வைத்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு சொற்சிக்கலையும் சுட்டுதல் நலம். தமிழில் 'கை' என்றால் விரல் நுனி முதல் தோள் வரை அடங்கும். மலையாளத்திலும் அவ்வாறே. 'இடக் கையில் வைத்தார்கள்' என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. 'இடது மேற்கையின் உட்புறம்' என்று சொல்லப் பழகுதல் வேண்டும்.

கொச்சி வட்டாரத்தில் வாழும் நம்மவர்க்கு இது மேலும் பொருந்தும். இடக்கொச்சியின் உப்பங்கழிக் கரையிலிருந்து எர்ணாகுளம் தொலைவில் இல்லை. அங்கே 1971-ஆம் ஆண்டு ஜூலையில், மாவட்ட ஆட்சித் தலைவர் எஸ். கிருஷ்ணகுமாரின் முயற்சியால் நடந்த முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆடவர் கருத்தடை அறுவை செய்துகொண்டனர். உலகமே அதனைப் பேசியது. அந்த அறுவை ஒரே நாளில் முடிந்துவிடும். கோலோ அத்தகையதன்று. வைப்பது ஒரு நாள். எடுப்பது பிறிதொரு நாள். இடையில் குடும்பம் வேலை தேடிக் கோவைக்கோ மும்பைக்கோ பெயர்ந்திருக்கலாம். வைத்த மருத்துவரும் எடுக்கும் மருத்துவரும் ஒருவரை ஒருவர் அறியார். இருவரையும் இணைப்பது அப்பெண்ணின் கையும், அவள் வைத்திருக்கும் அட்டையுமே.

ஆகவே செய்ய வேண்டுவன இவை. கோலை வைத்தவுடன் மருத்துவர் தடவிப் பார்த்தல் வேண்டும்; பின்னர் பெண்ணும் தன் விரலால் அதன் இரு முனைகளையும் தடவி உணர்தல் வேண்டும். உணராமல் எழுந்து வருதல் கூடாது. 'தென்படவில்லையே' என்று கேட்க நாணவும் வேண்டா. தென்படாவிடில், கோல் இருக்குமிடம் உறுதியாகும் வரை ஆணுறை போன்ற வேறு முறையைக் கைக்கொள்க. இக்கோலில் பேரியம் சல்பேட்டு கலந்திருப்பதால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும். நுண்ணொலிக் கருவியாலும் காணலாம். இருக்குமிடம் அறியாமல் கையைக் கீறித் தேட எவரையும் அனுமதித்தல் ஆகாது. அதில் தேர்ந்த மருத்துவரிடமே செல்லுதல் வேண்டும். கையில் மரமரப்போ, விரல்களில் வலுக்குறைவோ தோன்றினால் உடனே காட்டுக.

போர்ட்டுக் கொச்சியின் வெளிப் பகுதியில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. கல்லில் துணியை அடித்துத் துவைக்கும் கைக்கு இது ஒத்துவருமா என்று அங்குள்ள ஒரு பெண் கேட்பாளாயின், அது நியாயமான கேள்வியே. முறையாக வைத்த கோல், புண் ஆறியபின், அன்றாட வேலைக்குத் தடையாகாது. அவ்வப்போது ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டால் போதும்.

வைத்த நாள், எந்தக் கை, எடுக்க வேண்டிய நாள் ஆகிய மூன்றும் எழுதிய அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பாதுகாத்திடுக. மூன்றாண்டு முடியும் முன்பே வேண்டாமென்று தோன்றினும், எடுக்கச் சொல்லும் உரிமை அப்பெண்ணுக்கு உண்டு. கணவரும் மாமியாரும் இதனை அறிந்திருத்தல் நன்று. ஆயினும் தடவி உணர வேண்டிய விரலும், முடிவு கூற வேண்டிய வாயும் அவளுடையனவே.