எடை குறைந்த வண்டி

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் படகிற் செல்வோர் அறிவர்: பாரம் குறைந்தால் சிறிய இயந்திரமும் விரைந்து செலுத்தும். இவ்வுண்மையையே 1957இல் கொலின் சாப்மன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் ‘லோட்டஸ் ஏழு’ என்னும் மோட்டார் வண்டியில் நிலைநாட்டினார். உறுப்புகளாக வாங்கி வீட்டிலே பூட்டிக்கொண்டால், பிரித்தானியாவில் அந்நாளில் கொள்வனவு வரி இல்லை. ஆதலால் நடுத்தர வருவாயினரும் வார இறுதிக் கழகப் பந்தயங்களிற் கலந்துகொண்டனர். 1973இல் அவ்வரி ஒழிந்து, பெறுமதி சேர் வரி வந்தது, சலுகை மறைந்தது. வண்டியோ மறையவில்லை, அதன் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்தைச் சேர்ந்தது.

நம் நாட்டில், நுவரெலியாவின் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அங்கே வண்டிகள் தனித்தனியே ஏறுகின்றன; கடிகாரமே எதிராளி. தன் கையால் முடுக்கிய ஆணி தளர்ந்தால், பணயம் தன் உயிரே. ஆகவே இவ்விளையாட்டு வேகத்துக்கு முன்னர்ப் பொறுமையைக் கற்பிக்கின்றது.