மறு ஒளிபரப்பும் மானாவாரி நிலமும்

 

தொலைக்காட்சியில் ஒருமுறை வந்த தொடர் மறுமுறை வந்தால், அதைப் பழைய சோறு என்று ஏளனம் செய்வது படித்தவர் வழக்கம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காட்டில் வேலைக்குப் போகிறவரிடம் இவ்வுவமையைச் சொன்னால், ஏளனம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு விளங்காது. அவருடைய காலை உணவே அதுதான். புளித்தால்தான் அதற்குச் சுவை. மறு ஒளிபரப்பைப் பற்றிய இவ்வுரை அவர் பக்கத்தில் நின்றே பேச முற்படுகிறது.

திருச்சுழி வட்டாரத்தில் வீரசோழன் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். கண்மாய் பெருகினால் நெல். பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம். ஊரின் பெயரைக் கேட்டதும் புத்தமித்திரரின் வீரசோழிய இலக்கணம் புலவர் நெஞ்சில் எழும். மன்னர் போய் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் கழிந்தும் சோழப் பட்டப்பெயர் ஒன்று நாள்தோறும் பேருந்துப் பலகையில் வந்து போகிறது. ஊர்ப்பெயரும் ஒருவகை மறு ஒளிபரப்புத்தான் போலும்!

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியபோது, தென்மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு அது செவிவழிச் செய்தி மட்டுமே. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபின், தென்கடலோரத்து வீடுகளில் உயர்ந்த கம்பங்கள் முளைத்து இலங்கையை நோக்கி நின்றன. கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கருவி நிறுவப்பட்டதும் கம்பங்கள் மேற்கே திரும்பின. தூர்தர்ஷன் 1980களில் அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்' தொடரைக் காட்டிற்று. சப்பானியச் சிறுவனும் அவனுடைய பேரியந்திரமும் வரும் 'ஜெயண்ட் ரோபோ', மோட்டார் சைக்கிள் வீரனின் 'ஸ்ட்ரீட் ஹாக்' ஆகியனவும் வந்தன. 'ஸ்ட்ரீட் ஹாக்' பிறந்த நாட்டில் 1985இல் பதின்மூன்றே பகுதிகளோடு நிறுத்தப்பட்ட தொடர். அங்கே தோற்றது இங்கே ஒரு தலைமுறையின் நினைவில் நிலைத்தது.

ஆங்கிலம் அறியாதவர்க்கு முதல்முறை தெரிவது படம் மட்டும். இரண்டாம் முறை வரும்போது கதை தெரியும். மூன்றாம் முறைதான் சொல் காதில் விழும். மொழி தெரிந்தவனுக்கு மறு ஒளிபரப்பு என்பது திரும்பப் பார்த்தல். மொழி தெரியாதவனுக்கோ முழுமையாகப் பார்ப்பதே அப்போதுதான். 'பார்த்ததையே பார்க்கிறார்கள்' என்று குறைகூறியவர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவில்லை.

மொழி தெரியாமலே இக்கதைகள் இந்நிலத்தில் வேர்கொண்டது எவ்வாறு? விடை பொருளதிகாரத்தில் கிடக்கிறது. மேலைநாட்டுக் குதிரைவீரர் கதைகளின் நடுப்பொருள் ஆநிரை கவர்தலும் மீட்டலுமே. 1955 முதல் 1975 வரை 635 பகுதிகள் ஓடிய 'கன்ஸ்மோக்' தொடரின் களமான டாட்ஜ் நகரம், மாட்டு மந்தைகள் வந்து சேரும் வணிக ஊர். சந்தையூரார்க்கு விளக்கவுரை வேண்டாத களம். வெட்சியையும் கரந்தையையும் தனித்தனித் திணைகளாக வகுத்த புறப்பொருள் வெண்பாமாலையைக் கற்றவர்க்கு அதில் புதியது துப்பாக்கி ஒன்றே. வழிப்போக்கரின் வண்டியை மறித்துக் கொள்ளையிடுவது ஆறலைத்தல், நிலமோ பாலை.

அறிவியல் புனைவுத் தொடரும் இந்தப் பாலையில் பிறந்ததே. 'ஸ்டார் டிரெக்'கைப் படைத்த ஜீன் ராடன்பெரி அதற்கு முன் குதிரைவீரர் தொடர்களுக்கு எழுதியவர். தம் புதிய தொடரை விண்மீன்களுக்குச் செல்லும் வண்டித்தொடர் என்றே விளக்கினார். கலிபோர்னியாவில் வாஸ்குவெஸ் பாறைகள் என்னும் சாய்ந்த கற்குன்றுகள் உள்ளன. குதிரைவீரர் கதைகள் பல படமாக்கப்பட்ட அவ்விடமே 'ஸ்டார் டிரெக்'கில் வேற்றுக்கோளாகவும் காட்டப்பட்டது. குதிரையை அவிழ்த்துவிட்டு விண்கலத்தைக் கட்டினார்கள், அவ்வளவே.

ஒப்புமை இங்கே முடிகிறது. மேலைக்கதையின் தனிவீரன் வெளியூரிலிருந்து வருவான், ஊரைக் காப்பான், மாலை வெயிலில் போய்விடுவான். அந்த மண் எவரிடமிருந்து பறிக்கப்பட்டதோ அந்தப் பழங்குடியினர் பெரும்பாலும் அக்கதைகளில் பகைவராகவே வருவர். இவ்விருப்பக்கதைகளைப் போற்றுவோர் அதையும் கண்திறந்து காணவேண்டும். இந்நிலத்து வீரன் ஊரைவிட்டுப் போவதில்லை. ஆநிரை மீட்டு விழுந்த இடத்தில் நடுகல் ஆகிறான்; எல்லையில் கருப்பசாமியாகிக் குதிரையோடு நிற்கிறான்.

இதை உணர்ந்தே தமிழில் சிலர் குதிரையை ஓட்டினர். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) முதலிய படங்களைப் பிற்காலத்தில் தொலைக்காட்சி வழியாகவே பார்த்தவர் பலர். இதே மாவட்டத்துச் சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிற்று. 1984இல் பிறந்த லயன் காமிக்ஸ் இத்தாலியில் உருவான டெக்ஸ் வில்லரைத் தமிழ் பேசவைத்தது. அதன் வாசகர்கள் புதுக்கதையைப் போலவே மறுபதிப்பையும் கேட்டு வாங்குகிறார்கள். சன் தொலைக்காட்சியில் 1990களின் பிற்பகுதியில் வந்த 'விடாது கருப்பு' இவ்வரிசையில் தனியிடம் பெறத்தக்கது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய அத்தொடரில் இரவில் வரும் குதிரைக்காரன் வெளியூரான் அல்லன், ஊர்த்தெய்வம்.

திரும்பத் திரும்பப் பார்த்தல் தொலைக்காட்சி கற்றுத்தந்த பழக்கமன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' தென்மாவட்டத் திருவிழாக்களில் ஆண்டுதோறும் விடியவிடிய நடக்கிறது. முருகன் வெல்வான் என்பது மடியிலிருக்கும் குழந்தைக்கும் தெரியும். அக்குழந்தை முதலாண்டு பபூன் வரும்வரை விழித்திருக்கும்; அடுத்த ஆண்டு நாரதர் வரும்வரை; வேலன் விருத்தனாகி வரும் காட்சியைக் காண அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஒரே நாடகத்தை ஆண்டுக்கு ஒரு காட்சியாக வளர்ந்து முடிக்கிறார்கள். மேடையிலோ ஒத்திகை கிடையாது. தனித்தனியே பேசி அமர்த்தப்பட்ட நடிகர்கள் மேடையில்தான் எதிர்ப்படுவர். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் ஓர் இரவுபோல் மற்றோர் இரவு இராது.

ஒளிநாடாவுக்கு அவ்வுயிர் இல்லை. அது மாறுவதில்லை; பார்ப்பவர்தாம் மாறுகிறார். ஆனால் நாடகத்துக்கு இல்லாத ஒரு வாய்ப்பு அதற்கு உண்டு: வைத்திருந்தால் இருக்கும். அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யை, நேரலையே வழக்கமாயிருந்த காலத்தில், நல்ல திரைப்படச் சுருளில் பதிந்தார்கள். அதனால் பிற்காலத்தில் எத்தனை முறையும் காட்ட முடிந்தது. அத்தொடரின் நாயகர் இணை நிறுவிய டெசிலு நிறுவனமே 'ஸ்டார் டிரெக்'கையும் எடுத்தது. 1969இல் 79 பகுதிகளோடு கைவிடப்பட்ட அத்தொடர் பெரும்புகழ் பெற்றது 1970களின் மறு ஒளிபரப்பில்தான். மாறாக, பிரிட்டனின் பிபிசி 1960களில் காட்டிய 'டாக்டர் ஹூ' அறிவியல் தொடரின் நாடாக்களை அழித்தது. நூற்றுக்கு நெருங்கிய பகுதிகள் படமாகக் கிடைக்காமற்போயின. ஆயினும் அவற்றின் ஒலி முழுதும் இருக்கிறது! வீட்டிலிருந்த பார்வையாளர் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்திருந்தார்கள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கதைவசனத்தைத் திருமண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்த ஊராருக்கு இச்செய்தி வியப்பளிக்காது.

'விடாது கருப்பு' தப்பிற்று. தயாரித்தவர்கள் அதை வைத்திருந்ததால், பின்னாளில் யூடியூபில் புதிய தலைமுறையும் கண்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது தூர்தர்ஷன் பழைய இராமாயணத் தொடரை மீண்டும் காட்டியதும் நாடா இருந்ததனால்தான். இருப்பதுதான் திரும்ப வரும். எது திரும்ப வரும் என்பதைப் பார்ப்பவர் விருப்பத்தைக் காட்டிலும், எவரோ ஓர் அலமாரியின் சாவியை வைத்திருப்பவரே முடிவு செய்கிறார்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. ஸ்பெஷல் நாடகத் தர்க்கங்களில் அந்தக் கணத்திலேயே கட்டப்பட்டு, கூட்டத்தின் கைதட்டலை வாங்கி, விடியலோடு போன பாட்டுகளும் எதிர்ப்பாட்டுகளும் எத்தனை! அச்சேறிய நாடகநூலில் அவை இல்லை. பாடியவருள் பலர் இன்றில்லை. கேட்டவருள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் இரண்டொரு அடி பாடிக்காட்டுவார்கள். எளிய ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போவதற்குப் பெருநிறுவனம் எதுவும் வேண்டியதில்லை.

புரவியெடுப்பு நடக்கும் ஊர்களில் வேளார் சுட்டு வண்ணம் தீட்டிய மண்குதிரைகளை ஊரார் தோளில் சுமந்துசென்று அய்யனார் கோயிலில் நிறுத்துகிறார்கள். முன்னாண்டுகளின் குதிரைகளை எவரும் அகற்றுவதில்லை. வண்ணம் போய், காது உடைந்து, சில தலையிழந்து அங்கேயே நிற்கின்றன. அவற்றின் பக்கத்தில் புதியவை இறக்கப்படுகின்றன.