நீர்ப்பாதையில் நுழையும் ஒளி



பீட்டர் ஃபிரேயர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். அயர்லாந்துக்காரர். 1875இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வட இந்தியாவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது சிறுநீர்ப்பைக் கல். வயிற்றைக் கீறாமல், சிறுநீர் வரும் வழியாகவே ஓர் உலோகக் கருவியைச் செலுத்துவார். கல்லைக் கவ்வி நொறுக்கி, தூளை வெளியேற்றுவார். நொறுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை; விரல் உணர்வதை வைத்துத்தான் எல்லாம். பிறகு லண்டன் திரும்பியவர், 1901இல் இன்னொரு அறுவை சிகிச்சைக்காக உலகப் புகழ் பெற்றார். வயதான ஆண்களுக்கு வீங்கிச் சிறுநீரை அடைக்கும் புரோஸ்டேட் சுரப்பியை, அடிவயிற்றைத் திறந்து விரலாலேயே பெயர்த்தெடுக்கும் முறை அது.

கல்லை உடைப்பது, புரோஸ்டேட்டைப் பெயர்ப்பது என்ற இந்த இரண்டு வேலைகளையும் இன்று ஒரே ஒளி செய்கிறது. அதன் பெயர் ஹோல்மியம் லேசர்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி இது. அலைநீளம் ஏறத்தாழ 2,100 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பு. தண்ணீர் இதை உடனே உறிஞ்சிவிடும் என்பதில்தான் இதன் சிறப்பு இருக்கிறது. நம் தசையில் பெரும்பகுதி நீர் என்பதால், இந்த ஒளி அரை மில்லிமீட்டர் ஆழம்கூடப் போகாது. ஒளியைக் கொண்டுசெல்லும் கண்ணாடி இழையின் முனை கல்லைத் தொட்டால் கல் உடையும். சுவரிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் சுவருக்குச் சேதமில்லை. எப்போதும் நீர் நிறைந்த பாதையில் வேலை செய்ய இதைவிடப் பொருத்தமான ஒளி வேறென்ன இருக்க முடியும்?

இதை அடைய நெடுங்காலம் ஆனது. உலகின் முதல் லேசரை அமெரிக்காவின் தியோடர் மைமன் 1960இல் இயக்கிக் காட்டினார். மாணிக்கக் கல்லிலிருந்து பிறந்த சிவப்பு ஒளி அது. எட்டே ஆண்டுகளில் அதைச் சிறுநீர்க் கல்லின் மேல் பாய்ச்சிப் பார்த்துவிட்டார்கள். கல் உடைந்தது. ஆனால், உயிருள்ள உடலுக்குள் வைக்கவே முடியாத அளவுக்குச் சூடு கிளம்பியது. ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சாமல் நொடியில் மிகச் சிறு பகுதி நேரமே நீடிக்கும் துடிப்புகளாக அனுப்பக் கற்றுக்கொண்ட பிறகுதான் வழி பிறந்தது. ஹோல்மியம் 1990களில் கல் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தது.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் உள்ளளவு மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். கல் வந்து நிற்கும்போது உயிர் போகிற வலி வருவது இங்கேதான். அந்தக் குழாய்க்குள் மெல்லிய உள்நோக்கியை ஏற்றி, அதற்குள்ளே ஐந்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பருமனுள்ள கண்ணாடி இழையைச் செலுத்துகிறார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. துடிப்பின் ஆற்றலைக் கூட்டினால் கல் துண்டு துண்டாகும். துண்டுகளைச் சிறு கூடை போன்ற கருவியால் எடுத்துவிடலாம். ஆற்றலைக் குறைத்துத் துடிப்பின் வேகத்தைக் கூட்டினால் கல் பொடியாகிச் சிறுநீரோடு போய்விடும். அண்மையில் வந்திருக்கும் தூலியம் இழை லேசரின் அலைநீளம் 1,940 நானோமீட்டர். அதைத் தண்ணீர் இன்னும் நான்கு மடங்கு வலுவாக உறிஞ்சுவதால் பொடி இன்னும் நுண்மையாகிறது.

ஆனால் பாய்ச்சுகிற ஒளியெல்லாம் கடைசியில் சூடாகத்தான் மாறும். அந்தச் சிறிய இடத்தில் தேங்கும் நீர் சூடேறினால் குழாயின் சுவர் வெந்து, பின்னாளில் சுருங்கிப்போகும். அதனால் சலைன் என்ற உப்பு நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; நடுநடுவே லேசரை நிறுத்தவும் வேண்டும். எந்திரத்தில் எத்தனை வாட் இருக்கிறது என்பதைவிட, லேசரை இயக்கும் மிதியிலிருந்து எப்போது காலை எடுக்க வேண்டும் என்று தெரிந்த மருத்துவரே முக்கியம் என்பது என் திடமான எண்ணம்.

எல்லாக் கல்லுக்கும் லேசர் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்கள் பெரும்பாலும் தாமாகவே இறங்கிவிடும். சிறுநீரகத்துக்குள் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்த கல்லுக்கு, முதுகுப் பக்கம் சிறு துளையிட்டுப் போவதுதான் வழக்கமாகச் சிறந்த வழி. எந்தச் சிகிச்சை என்பதைக் கல்லின் அளவும் இடமும் முடிவு செய்ய வேண்டும். பெயர்ப்பலகையில் லேசர் என்று எழுதியிருக்கிறதே என்று முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்றை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். கல் உடைத்த பிறகு, குழாய் அடைபடாமல் இருக்க டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்து அனுப்புவதுண்டு. சில நாட்களிலோ சில வாரங்களிலோ அதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். வலி போய்விட்டதே என்று திரும்பப் போகாமல் இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் அந்த ஸ்டென்டின் மேலேயே கல் படியும். சிறுநீரகமே செயலிழந்துபோகலாம். ஆகவே வீடு திரும்பும்போது, உள்ளே ஸ்டென்ட் இருக்கிறதா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

புரோஸ்டேட்டுக்கு வருவோம். வீங்கிய சுரப்பியின் உட்பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் நடுவே இயற்கையாகவே ஓர் இடைவெளி உண்டு. சீவிய காயிலிருந்து நுங்கை விரலால் நெம்பி எடுப்போமே, அப்படித்தான் ஃபிரேயர் எடுத்தார். நியூசிலாந்தின் டௌரங்கா நகரில் பீட்டர் கில்லிங்கும் அவருடைய குழுவினரும், அதே இடைவெளியில் ஹோல்மியம் ஒளியைச் செலுத்தி, வயிற்றைத் திறக்காமலே உட்பகுதியைப் பிரித்தெடுக்கும் முறையை 1990களில் உருவாக்கினார்கள். பிரிந்த சதையைச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கேயே அரைத்து வெளியே இழுத்துவிடுகிறார்கள். சுரப்பி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செய்யலாம். ஒளியே ரத்தக் குழாய்களை அடைத்துக்கொண்டு போவதால் ரத்தப்போக்கு குறைவு. வெளியே எடுத்த சதையைப் புற்றுநோய் உண்டா என்று பரிசோதிக்கவும் முடியும். 532 நானோமீட்டர் பச்சை லேசர் வேறு வகை. அதை உறிஞ்சுவது ரத்தத்தின் சிவப்பு நிறமி. சதையை ஆவியாக்கிவிடுவதால் பரிசோதனைக்குத் துண்டு மிஞ்சுவதில்லை.

அறுவை சிகிச்சை வரை போகாமல், மாத்திரையிலேயே பலருக்குத் தொல்லை தீர்ந்துவிடும். அறுவை சிகிச்சைதான் என்றால், இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், சிறுநீர் கசியக்கூடும். பெரும்பாலோருக்கு உறவின்போது விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் யாரும் சொல்லாமல் பிறகு தெரியவந்தால் மனம் ஒடிந்துபோகும். கூச்சப்படாமல் கேளுங்கள், பெரியவர்களே.

கல்லை நொறுக்கும்போது ஃபிரேயருக்குக் கிடைக்காதது பார்வை. உள்ளே பார்க்கும் முயற்சி மட்டும் அப்போதே தொடங்கியிருந்தது. ஜெர்மனியின் மாக்ஸ் நிட்சே 1870களின் கடைசியிலேயே சிறுநீர்ப்பைக்குள் விளக்கேற்றிப் பார்த்துவிட்டார். பழுக்கக் காய்ச்சிய பிளாட்டினக் கம்பிதான் விளக்கு. அது சுடாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீர் ஓட வேண்டியிருந்தது. வளைந்து நெளிந்து போகும் பார்வைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் நம் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டின் வழியாகப் படத்தையே கொண்டுபோக முடியும் என்று 1954இல் எழுதினார். இன்று பல கருவிகளின் முனையில் கேமராவே இருக்கிறது. ஆனாலும் கல்லுக்குப் போகும் லேசர், கண்ணாடி இழையில்தான் பயணம் செய்கிறது.

நோயைக் கண்டுபிடிக்கவும் ஒளி உதவுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில், வழக்கமான வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால் தட்டையான சில புற்றுத் திட்டுகள் தப்பிவிடும். அதற்காக ஒரு மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்திருக்கிறார்கள். புற்றணுக்களில் அதிலிருந்து ஒரு நிறமி சேரும். பிறகு நீல ஒளியைப் பாய்ச்சினால், சுற்றிலும் நீலமாகத் தெரிய, புற்று இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக ஒளிரும். வெறும் அழற்சியும் சில வேளை அப்படி ஒளிரும் என்பதால் சதையை எடுத்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். இந்த வசதி எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. இந்த நோய் திரும்பத் திரும்ப முளைக்கும் இயல்புடையது. முதல் முறையே மிச்சமில்லாமல் எடுப்பதற்கு இந்த ஒளி உதவுகிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் எந்த ஒளியும் உள்ளே போவதற்கு முன், நோயாளி மருத்துவமனை வாசல்படி ஏற வேண்டும். வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போனால், மறுநாளே தெளிந்துவிட்டாலும், சூடு என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். புகைபிடிப்பவர்கள், முன்பு பிடித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு முதன்மையான காரணம் புகையிலைதான். சிறுநீர் ஒரே ஒரு முறை சிவப்பாகப் போயிருந்தாலும் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.