யோசனைக்கும் எஞ்சினுக்கும் நடுவே



ஜேம்ஸ் வாட் என்றதும் கெட்டில் மூடி ஆடின கதைதான் நமக்கு ஞாபகம் வரும். உண்மையில் அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து கொடுத்தவர். 1763-64 குளிர்காலத்தில் நியூகோமன் எஞ்சினின் மாடல் ஒன்று அவரிடம் ரிப்பேருக்கு வந்தது. அதில் நீராவியைக் குளிரவைக்க சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் அடிப்பார்கள். குளிர்ந்த சிலிண்டரை மறுபடி சூடாக்கவே நீராவியில் பெரும்பகுதி வீணாகும். 1765-ல் வாட்டுக்கு விடை கிடைத்தது: நீராவியைத் தனிக் கலத்தில் குளிரவைத்தால் சிலிண்டர் சூடாகவே இருக்குமே! அதுதான் தனிக் கண்டென்சர்.

அதோடு கதை முடிஞ்சுதா? இல்லை. 1769-ல் பேட்டன்ட் வந்தும் பெரிய எஞ்சின் ஒழுங்கா ஓடலை. பிஸ்டன் ஓரமாக நீராவி கசிந்தது. அவ்வளவு பெரிய சிலிண்டரைத் துல்லியமாகக் கடைய அன்று மெஷின் இல்லை. பணம் போட்ட ரோபக் நொடித்துப்போனார். வாட் பிழைப்புக்காகக் கால்வாய் சர்வே செய்தார்.

விடிவு, பீரங்கிக் குழல் கடைந்துகொண்டிருந்த ஜான் வில்கின்சனிடமிருந்து வந்தது. அவருடைய போரிங் மெஷினில் வெட்டுக்கருவியைத் தாங்கும் தண்டு இரு முனையிலும் பிடிமானத்தோடு சுழன்றது. 1776-ல் போல்டன் - வாட் எஞ்சின்கள் வேலைக்கு வந்தன. யோசனைக்கும் எஞ்சினுக்கும் நடுவே 11 வருஷம்!

தம்பி தங்கைகளே, டிசைன் போடுகிறவர் ஒசத்தி, லேத்தில் நிற்கிறவர் மட்டம் என்று நினைக்காதீங்க. பேப்பரில் வட்டம் போட காம்பஸ் போதும். இரும்பில் போட வில்கின்சன் வேணும். பட்டறை நடத்தும் நண்பர்களே, லீவில் நாலு மாணவர்களைக் கூப்பிட்டு மெஷின் முன்னால் நிறுத்துங்கள்.